ஆகுமுன் அளத்தல்: கல்லூரிக் கால்பந்தின் நட்சத்திர மதிப்பீடும் மனித ஆற்றல் பற்றிய வினாவும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிற நாடுகள் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும், அணிக்கு 11 பேராக மோதி ஆடப்படும் அவ்வாட்டத்திற்காகப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் பள்ளியிறுதி வகுப்பு மாணவர்களிலிருந்து புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பதினேழு, பதினெட்டு வயதினரான அம்மாணவர்கள் கல்லூரி மைதானத்தில் இன்னும் கால் வைக்காத நிலையிலேயே அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது. அம்மதிப்பெண்களைத் திரட்டி எந்தப் பல்கலைக்கழகம் சிறந்த இளைஞர் குழுவைச் சேர்த்தது என்று தரவரிசையும் வெளியிடப்படுகிறது. விளையாட்டு உலகின் நடைமுறையாக மட்டும் தோன்றும் இவ்வழக்கத்தினுள் மெய்யியலின் பழைய வினாக்கள் இரண்டு அடங்கியுள்ளன. இன்னும் ஆகாத ஒன்றை அளக்க இயலுமா என்பது முதல் வினா. அவ்வாறு அளந்து பெற்ற எண், அளக்கப்பட்ட மனிதனின் மதிப்பாகிவிடலாமா என்பது இரண்டாவது.

மதிப்பீடு நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் முதலிய நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்கள் மாணவர்களின் பள்ளி ஆட்டக் காணொலிகளைப் பார்க்கின்றனர். பயிற்சி முகாம்களில் நேரில் கவனிக்கின்றனர். உயரம், எடை, கை நீளம், 40 கெஜத் தொலைவை, அதாவது ஏறத்தாழ 36.6 மீட்டரை, ஓடிக் கடக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். இவற்றின் அடிப்படையில் ஒவ்வொருவருக்கும் நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. ஐந்து நட்சத்திரம் உச்சநிலை. 247 ஸ்போர்ட்ஸ் ஓராண்டில் ஏறத்தாழ 32 பேருக்கே அவ்வுச்சநிலையை அளிக்கிறது. தொழில்முறைக் கழகமான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதற்சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அந்த எண்ணுக்குக் காரணம். எனவே ஐந்து நட்சத்திரம் என்பது அம்மாணவன் இன்று எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பதைக் கூறுவதன்று. சில ஆண்டுகள் கழித்து அவன் என்னவாக இருப்பான் என்பதைக் கூறுவது. இல்லாத எதிர்காலத்தைப் பற்றிய கூற்றுக்கு இன்றைய உடலும் இன்றைய ஆட்டமும் சான்றாக நிறுத்தப்படுகின்றன.

இந்தியத் தத்துவ மரபில் இவ்வினா காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய விவாதமாக நெடுங்காலம் நிகழ்ந்தது. காரியம் தோன்றுவதற்கு முன்பே அது காரணத்தினுள் மறைந்து நிற்கிறது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். காரியம் முன்பு இல்லாத புதிய பொருள், காரணங்கள் கூடும்போதுதான் அது பிறக்கிறது என்பது நியாய வைசேடிகரின் அசற்காரியவாதம். களிமண்ணில் குடம் ஏற்கெனவே இருந்ததா, குயவன் வனைந்தபின் தோன்றியதா என்பதே அவர்களுக்கிடையே எழுந்த வழக்கு. சற்காரியவாதத்தை ஏற்கும் சைவ சித்தாந்தம், காரணத்தை மூவகையாகப் பகுத்து இவ்வழக்கைத் தெளிவுபடுத்துகிறது: மண் முதற்காரணம், அதாவது காரியமாக மாறும் பொருள், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். கிரேக்க மெய்யியலில் அரிஸ்டாட்டில் தம் ‘மெய்ப்பொருளியல்’ நூலில் ஆற்றல் நிலையையும் செயல் நிலையையும் வேறுபடுத்தி ஆராய்ந்ததும் இதே சிக்கலைத் தீர்க்கவேயாகும்.

மதிப்பீட்டாளர்களிடையேயும் பயிற்சியாளர்களிடையேயும் இவ்விரு கொள்கைகளும், அப்பெயர்கள் அறியப்படாமலே, வாழ்ந்துவருகின்றன. உயரத்தையும் ஓட்ட வேகத்தையும் கற்பிக்க இயலாது, இருப்பவனிடம் அவை பிறவியிலேயே உள்ளன, தகுதியானவனைக் கண்டெடுப்பதே வேலை என்பவர் சற்காரியவாதியின் பக்கம் நிற்கிறார். பயிற்சியும் உணவும் காலமும் சேர்ந்து இளைஞனை வேறொருவனாக ஆக்கும், வீரன் கண்டெடுக்கப்படுவதில்லை, உருவாக்கப்படுகிறான் என்பவர் அசற்காரியவாதியின் பக்கம் நிற்கிறார். இரண்டாம் தரப்பினர் காட்டும் சான்றுகள் வலியவை. ஜே.ஜே. வாட் பள்ளி முடித்தபோது மதிப்பீட்டாளர்களிடம் பெற்றவை இரண்டு நட்சத்திரங்களே. சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வேறோர் ஆட்ட நிலையில் ஆடியபின், உதவித்தொகை ஏதுமின்றி விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, தடுப்பாட்ட வீரராக மாறி, 2011ஆம் ஆண்டு என்எஃப்எல் தேர்வில் 11ஆவது இடத்தில் தெரிவானார். பின்னர் 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் அக்கழகத்தின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றார். குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்துபவர், என்ற இடத்தில் ஆடும் ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட உதவித்தொகை தர முன்வரவில்லை. கலிஃபோர்னியாவின் ரீட்லி இளநிலைக் கல்லூரியில் ஓராண்டு ஆடி, உடலும் வளர்ந்து, வயோமிங் பல்கலைக்கழகம் சென்ற அவர், 2018ஆம் ஆண்டுத் தேர்வில் 7ஆவதாகத் தெரிவாகி, 2024 பருவத்தின் மிகமதிப்புடைய வீரர் விருதையும் பெற்றார்.

இச்சான்றுகளைக் கொண்டு நட்சத்திர மதிப்பீடு பொய் என்று முடிவுசெய்தல் பிழையாகும். பட் எலியட் என்னும் ஆய்வாளர், நான்கும் ஐந்தும் நட்சத்திரம் பெற்றவர்கள் ஓர் அணி சேர்த்த மாணவர்களில் எத்தனை பங்கினர் என்பதைக் கணக்கிடும் முறையொன்றை முன்வைத்தார். 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் தேசியப் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியிலும் அப்பங்கு பாதிக்கு மேல் இருந்தது. 2011ஆம் ஆண்டின் முதன்மை மாணவராக மதிப்பிடப்பட்ட ஜடேவியன் கிளவுனி, 2014ஆம் ஆண்டு என்எஃப்எல் தேர்வில் முதலிடத்திலேயே தெரிவானார். ஆகவே மதிப்பீடு குழுவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உண்மை பேசுகிறது. தனி ஒருவனைப் பற்றிப் பேசும்போது அவ்வுறுதியை இழக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற நூறு பேரும் மூன்று நட்சத்திரம் பெற்ற நூறு பேரும் ஒப்பிடப்பட்டால் முன்னவர்களிலேயே வெற்றியாளர் மிகுதி. ஆயினும் மூன்று நட்சத்திரத்தார் எண்ணிக்கையில் மிகப் பலராதலால், தொழில்முறை அணிகளில் அவர்களும் பெருந்தொகையினராக இருக்கின்றனர். இவ்விரண்டும் ஒரே காலத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை மறப்பவர்களே மதிப்பீட்டை முற்றாக நம்புகின்றனர், அல்லது முற்றாகத் தள்ளுகின்றனர்.

தருக்க நூலாரின் சொற்களால் இதனை மேலும் கூர்மையாகக் கூறலாம். ஒன்றைக் கண்டு மற்றொன்றை அறிதல் அனுமானம். அது செல்லுபடியாக வேண்டுமெனில் கண்டதற்கும் அறியப்படுவதற்கும் விலகாத உடனிகழ்ச்சி, அதாவது வியாப்தி, இருத்தல் வேண்டும். நிறுவப்பட வேண்டியது உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் காணப்படும் ஏதுவை மணிமேகலையின் தருக்கப் பகுதி அநைகாந்திகம் என்று ஏதுப்போலிகளில் ஒன்றாக வகுக்கிறது. ஒரு முடிவில் நிற்காத காரணம் என்பது அதன் பொருள். விரைவான ஓட்டமும் நெடிய உடலும் சிறந்த வீரனிடமும் உண்டு, சிறவாதவனிடமும் உண்டு. ஆதலால் அவை வீரச் சிறப்பை நிறுவும் ஏதுக்கள் ஆகா. வாய்ப்பைக் காட்டும் அடையாளங்களாக மட்டுமே நிற்கும். மதிப்பீட்டாளரின் குற்றம் அடையாளத்தைக் காண்பதில் இல்லை. அடையாளத்தை நிறுவப்பட்ட முடிவாக அறிவிப்பதிலேயே உள்ளது.

இவ்விடத்தில் களிமண் உவமை தன் எல்லையை அடைகிறது. களிமண் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்பதில்லை, மாணவனோ கேட்கிறான். தன்னைப் பற்றிய எண்ணை அறிந்தவன் அதற்கேற்ப உயரவும் கூடும், அதன் கீழ் நசுங்கவும் கூடும். மேலும் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று ஒருவனை நாடுகிறது என்ற செய்தியே அவனது மதிப்பெண்ணை உயர்த்துவதுண்டு. உயர்ந்த மதிப்பெண் அவனுக்குக் கூடுதல் கவனத்தையும் ஆட்ட வாய்ப்புகளையும் பெற்றுத்தருகிறது. அவ்வாய்ப்புகள் அவனைச் சிறந்தவனாக்கினால் மதிப்பீடு சரியென மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948ஆம் ஆண்டு தம் கட்டுரையில், தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்னுரை என்று விளக்கிய நிகழ்வு இதுவே. மூவகைக் காரணங்களின் மொழியில் கூறின், மைதானமும் உடற்பயிற்சிக் கூடமும் துணைக்காரணங்கள், பயிற்சியாளர் நிமித்த காரணம். ஆனால் மாணவன் முதற்காரணமாக மட்டும் நிற்பவனல்லன், தன் ஆக்கத்தைத் தானும் அறிந்து செய்பவனாதலால் நிமித்த காரணத்திலும் அவனுக்குப் பங்குண்டு. வனையப்படும் பொருளே வனைபவனாகவும் இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து அளப்பவரின் அறிவு என்றும் குறையுடையதாகவே இருக்கும். அக்குறை கருவிகளைச் செம்மைப்படுத்துவதால் தீராது, ஏனெனில் அது மனித விடுதலையின் மறுபக்கம்.

கல்லூரிக் கால்பந்து வேரூன்றிய சமூகம் நன்கறிந்த சமய நூலொன்றும் இக்குறையைப் பேசுகிறது. விவிலியத்தின் சாமுவேல் முதல் நூல், ஈசாயின் மக்களில் ஒருவரை அரசராகத் திருப்பொழிவு செய்ய அனுப்பப்பட்ட சாமுவேல், உயரமும் தோற்றமும் மிக்க மூத்த மகனைக் கண்டு இவரே அவர் என எண்ணியதையும், அவ்வெண்ணம் திருத்தப்பட்டதையும், ஆடு மேய்க்கச் சென்றிருந்த இளைய மகன் தாவீது அழைக்கப்பட்டதையும் கூறுகிறது. மனிதக் கண் புறத்தைக் காண்கிறது, இறைவன் அகத்தைக் காண்கிறார் என்பது அப்பகுதியின் போதனை. இதிலிருந்து மனிதர் எவரையும் தேர்ந்தெடுக்கலாகாது என்ற முடிவு பிறப்பதில்லை, ஏனெனில் சாமுவேல் இறுதியில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவே செய்கிறார். கண்ணுக்குப் புலப்படுவது முழுமையன்று என்ற அடக்கத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே பிறக்கிறது. சமய நிறுவனங்கள் நடத்தும் பல்கலைக்கழகங்களும் இவ்வாட்டத்தில் முன்னணியில் உள்ளன: நாட்டர் டேம் கத்தோலிக்கருடையது, பேய்லர் பாப்டிஸ்டுகளுடையது, பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மோர்மன் திருச்சபையினருடையது. பிரிகாம் யங் அணி வீரர்களில் பலர் இரண்டு ஆண்டுகள் ஆட்டத்தை விட்டுச் சமயப் பணியாற்றித் திரும்புகின்றனர். பதினெட்டாம் வயதில் இடப்பட்ட நட்சத்திரம், அவ்விரண்டாண்டுத் துறவு ஓர் இளைஞனுள் செய்யும் மாற்றத்தை எவ்வாறு முன்னறிய இயலும்?

அளந்து பெற்ற எண் மனிதனின் மதிப்பாகிவிடலாமா என்னும் இரண்டாம் வினா இன்று முன்னெப்போதையும் விட அவசரமானது. கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்ட 2021 ஜூலை முதல் அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையால், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 கல்வியாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்க வழி பிறந்தது. நெடுங்காலம் பிறர் ஈட்டிய பெரும்பொருளில் பங்கின்றி உழைத்தவர்களுக்கு இது நீதியே. ஆயினும் எண் விலையாக மாறும்போது புதிய ஆபத்து ஒன்று தோன்றுகிறது. இம்மானுவேல் காண்ட் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட அறநெறி நூலில், விலை உடையது வேறொன்றால் ஈடுசெய்யத்தக்கது, மாண்பு உடையது ஈடற்றது என்று பகுத்தார். வீரனின் ஆட்டத்திற்கு விலை உண்டு, அவ்விலை கூடலாம், குறையலாம். வீரனுக்கு மாண்பே உண்டு, அது கூடுவதும் குறைவதும் இல்லை. நான்கு நட்சத்திரத்திலிருந்து மூன்றுக்கு இறக்கப்பட்ட மாணவன் அன்று இழந்தது சந்தை மதிப்பை மட்டுமே என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்ல ஒருவரும் இல்லாத நிலை, அவ்வமைப்பின் அறக்குறையாகும்.

ஆகவே மதிப்பீடு தேவையா என்ற கேள்விக்கு, தேவை என்பதே விடை. அது எவ்வாறு நிகழவேண்டும் என்பதில்தான் அறம் தங்கியுள்ளது. ஆட்களைத் தெரிந்தெடுத்தல் பற்றித் திருக்குறள் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாமல் நம்புவதை மட்டுமன்றி, ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதையும் நீங்காத துன்பம் தருவதாகக் கண்டிக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் முதற்பாதி மிகுந்த உழைப்போடு நிறைவேற்றப்படுகிறது. இரண்டாம் பாதியே கைவிடப்படுகிறது. சேர்த்துக்கொண்ட மாணவன் ஓராண்டில் ஒளிரவில்லையெனில் அவனை வேறு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவைக்கும் வழக்கம், 2018இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்னும் இடமாற்றப் பதிவேட்டால் மிக எளிதாகியுள்ளது. வீரன் தானே விரும்பி இடம் மாறுவதற்கு உரிமை தந்த நல்ல ஏற்பாடு, பயிற்சியாளர் பொறுமையைத் துறப்பதற்கான வாயிலாகவும் ஆகிவிடக் கூடாது. தெரிவு செய்தவர் தம் தெரிவுக்குக் கடன்பட்டவர்; மாணவனின் ஆற்றலைக் கணித்ததாகக் கூறியவர், அது வெளிப்படுவதற்கான துணைக்காரணங்களைத் தருதலும் அதற்குரிய காலத்தைப் பொறுத்தலும் வேண்டும்.

புதிய வீரர்களின் மதிப்பெண்களை ஆவலோடு பார்க்கும் ஒவ்வொரு ரசிகருக்கும் இப்பொறுப்பில் பங்குண்டு. நட்சத்திரங்கள் ஓர் அணியின் நாளைய வாய்ப்பைப் பற்றி நேர்மையான செய்தியைத் தரவல்லவை. அச்செய்தியை அந்த அளவிலேயே ஏற்க வேண்டும். பதினேழு வயது மாணவன் ஒருவனைப் பற்றிப் பொதுவில் தீர்ப்பு எழுத முற்படுபவர்கள், அவன் இன்னும் முடிவுறாதவன் என்பதையும், தன்னை ஆக்கிக்கொள்ளும் வேலையில் முதற்பங்கு அவனுடையதே என்பதையும் நினைவிற் கொண்டு எழுதுவார்களாக.