கண்காணிப்பும் கண்ணோட்டமும்

ஒரு தவக்கால வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் ஒரு தாய் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. தயங்கித் தயங்கி அவர் கேட்டார்: "சாமி, பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் செல்போனைப் பார்ப்பது பாவமா?"

பல மாதங்களாக அவர் அதனைச் செய்துவந்திருக்கிறார். மகள் கைப்பேசியைத் திறக்கும் எண்ணை ஓரக்கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். அவள் உறங்கிய பின் நாள்தோறும் எடுத்துப் படித்தார். ஓர் இரவு அவர் நெஞ்சம் நடுங்கிற்று. முகமறியா ஒருவன் மகளிடம் புகைப்படம் கேட்டு வற்புறுத்தியிருந்தான். அஞ்சிப்போன மகள் தோழிக்கு எழுதியிருந்தாள். 'அம்மாவிடம் சொல்' என்று தோழி கூற, மகள் தந்த விடை: 'சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்.'

"எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை, சாமி. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்?"

அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். அவரது கேள்வி இன்று எத்தனையோ வீடுகளின் கேள்வி.

கண்காணிப்பின் பக்கம் உள்ள நியாயத்தை நாம் மறுத்துவிட இயலாது. நன்னெறிக்கு ஊறு விளைவிப்பவை வீட்டினுள் நுழையாதபடி காப்பது பெற்றோரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே, சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஏட்டில் நினைவூட்டிற்று. ஆனால் பின்னாளில் நம் வீடுகளுக்கு வந்த தொலைக்காட்சி கூடத்தில் அமர்ந்தது. பிள்ளை பார்ப்பதைப் பாட்டியும் பார்த்தார். கைப்பேசியோ போர்வைக்குள்ளும் செல்லும். அதனைப் பிள்ளையின் கையில் வைத்தவர்களும் பெரும்பாலும் நாமே. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வேறு வழியின்றி, 'இதில் படி' என்று கொடுத்தோம். 2021 நவம்பரில் தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகளும் திறந்தன. கொடுத்த கைப்பேசி மட்டும் பல வீடுகளில் திரும்பி வரவே இல்லை.

மேலும், நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் காணொளிகளுக்கு முடிவே இல்லை. இது தற்செயலன்று. பார்ப்பவர் நெடுநேரம் நின்றால்தான் விளம்பர வருவாய் பெருகும். தேர்ந்த அறிவாளர் பலர் கூடி அமைத்த இந்த ஏற்பாட்டின் முன் ஒரு சிறுவனைத் தனியே விட்டுவிட்டு, அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயரிடுவது முறையாகுமா? அரசுகளும் இதனை உணரத் தொடங்கியுள்ளன. பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நள்ளிரவில் பிள்ளையின் படுக்கையருகே சட்டம் நிற்பதில்லை, தாய்தான் நிற்கிறாள்.

அவ்வாறாயின் அந்தத் தாய் செய்தது சரிதானா? செயலின் தன்மை, நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் எடைபோட வேண்டும் என்று குருமடத்தில் அறநெறி கற்றோம். நோக்கம் அன்பு, ஐயமில்லை. சூழ்நிலையும் மனம் இரங்கத் தக்கதே. வீட்டில் புகை எழுந்தால் கதவைத் தட்டி இசைவு கேட்டு நிற்பார் யாருமில்லை, உடைத்துக்கொண்டுதான் நுழைவர். ஆபத்தின் அறிகுறி தெளிவாகத் தெரியும்போது பெற்றோர் பார்ப்பது குற்றமன்று. ஆனால் புகையே இல்லாத வீட்டின் கதவை இரவுதோறும் ஓசையின்றித் திறப்பது வேறு. அது காவலின் தன்மையை இழந்து களவின் தன்மையை அடைகிறது.

சிறு குருமடத்தில் நான் பயின்ற நாட்களில், நாங்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை அதிபர் படித்த பின்னரே அஞ்சலில் சேர்ப்பார். அது ஒளிவுமறைவற்ற விதி. நாங்கள் அனைவரும் அறிவோம். அதன் விளைவு என்ன? 'நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன்' என்றே ஆண்டு முழுவதும் எழுதினேன். அம்மாவை எண்ணி இரவில் அழுததை ஒரு வரிகூட எழுதவில்லை. வெளிப்படையான தணிக்கையே எனக்குப் பொய்யான நலம் எழுதக் கற்றுக்கொடுத்தது என்றால், மறைவான தணிக்கை வெளிப்படும் நாளில் பிள்ளை எதைக் கற்பாள்? இன்னும் ஆழமாக ஒளிக்கக் கற்பாள்.

வள்ளுவர் அரசனுக்கு அறிவுரை கூறுமிடத்தில் அதிகார வரிசையை நோக்குங்கள். முதலில் பிறர் அஞ்சும்படி நடவாமை. அடுத்து இரக்கத்தோடு நோக்குதலாகிய கண்ணோட்டம். அதன் பின்னரே ஒற்றாடல். நாடாளும் அரசனுக்கே ஒற்று மூன்றாமிடத்தில் இருக்க, இல்லத்தில் நாம் அதனை முதலிடத்தில் வைத்துவிட்டோம். கண்காணிப்பு, கண்ணோட்டம் இரண்டிலும் கண் உண்டு. முன்னது தவற்றைத் தேடும். பின்னது பிள்ளையைத் தேடும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் இதே கருத்தை வலியுறுத்தினார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஓயாது அறிய முயல்வது கல்வியாகாது. அவன் உள்ளம் எங்கே இருக்கிறது, எதனை நம்புகிறது என்று அறிவதே பெற்றோரின் பெரிய பணி என்பது அவர் கருத்தின் சாரம். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ் கணினியில் தேர்ந்த சிறுவர். 2006இல் பதினைந்தாம் வயதில் இறந்தார். விளையாட்டுக் கருவிக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று அவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்பர். கருத்தில் கொள்ள வேண்டிய சொல் 'தமக்குத் தாமே' என்பது. நாம் இடும் வேலி ஒரு நாள் பிள்ளையின் உள்ளத்தில் வேர்விட வேண்டும். அல்லாவிடில் நாம் இல்லாத நாளில் அது சாய்ந்துவிடும்.

ஆகவே காவல் வயதுக்கேற்ப மாற வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு அறவே வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்த வயதில் கையைப் பிடித்தே நடத்த வேண்டும். பதின்வயதில் பிடி தளர வேண்டும். ஆனால் உடன் நடப்பது நிற்கலாகாது. பார்ப்பதாயின் 'பார்ப்பேன்' என்று முன்னரே சொல்லிப் பாருங்கள். இரவில் எவர் கைப்பேசியும் படுக்கையறைக்குச் செல்லாது என்று விதி செய்தால், தந்தையின் கைப்பேசியும் அதற்கு அடங்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாக்குறுதி கொடுங்கள்: 'எந்தச் சிக்கல் வந்தாலும் என்னிடம் சொல், சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்.' அந்த மகளின் வாயைக் கட்டியது முகமறியாதவன் மட்டுமல்லன். இந்த வாக்குறுதி இல்லாமையும்தான்.

அன்று அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "இன்றிரவே பேசுங்கள், அம்மா. முதலில் நீங்கள் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு ஆபத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம், அவையே சான்று. பாலியல் நோக்கோடு சிறாரை இணையவழியில் தொடர்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணை அழைத்தால் வழி காட்டுவார்கள்."

அவர் பேசினார். மகள் சினந்தாள், இரண்டு நாட்கள் முகம் கொடுக்கவில்லை, திறக்கும் எண்ணையும் மாற்றிவிட்டாள். மூன்றாம் நாள் அவளே வந்து அருகில் அமர்ந்து அனைத்தையும் காட்டினாள். இருவரும் சேர்ந்தே முறையிட்டனர். "புதிய எண் எனக்குத் தெரியாது, சாமி. ஆனால் இரவில் அவள் போனும் என் போனும் சமையலறை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன" என்றார் பின்னொரு நாள்.

பன்னிரண்டு வயது மகன் பயணக் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்ட பெற்றோரை லூக்கா நமக்குக் காட்டுகிறார். மூன்று நாள் கழித்துக் கோவிலில் கண்டதும், தாய் தன் கலக்கத்தை மறைக்காமல் கேட்டார். மகனும் விடை சொன்னார். அந்த விடை பெற்றோருக்குப் புரியவில்லை. ஆயினும் தாய் அதனை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தார். நம் பிள்ளைகளின் விடைகளும் பல வேளைகளில் நமக்குப் புரிவதில்லை. எனினும் நேருக்கு நேர் கேட்போம். அவர்கள் சொல்வதை உள்ளத்தில் இருத்துவோம். வீடு திரும்பும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது.