வாங்க மறுத்த பணம்

ஒருவரது நிலத்தைப் பறித்துக்கொண்டவர் பிற்காலத்தில் அதற்கு விலை கொடுக்க முன்வருவாராயின், இழந்தவர் அதனைப் பெற்றுக்கொள்வது முறையா, மறுப்பது முறையா? ஏழைக்கு இக்கேள்வியே ஏன், கிடைத்ததை வாங்கிக்கொள்வதுதானே புத்தி என்று உலகம் சொல்லும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் நடந்த ஒரு வரலாறு நம்மை அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்ல விடவில்லை.

தென் டக்கோட்டா மாநிலத்தின் மேற்கே கருங்குன்றுகள் என்னும் மலைத்தொடர் உண்டு. சூ என்னும் பழங்குடி மக்கள் அதனைப் புனித பூமியாகப் போற்றுகின்றனர். 1868-ஆம் ஆண்டு லாரமி கோட்டை உடன்படிக்கையால் அமெரிக்க சர்க்கார் அக்குன்றுகளை அவர்கட்கே உரியவை என ஒப்புக்கொண்டது. வயது வந்த ஆடவரில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டாலன்றி நிலம் கைமாறலாகாது என்றும் அதில் எழுதப்பெற்றது. (பெண்டிரின் சம்மதத்தை அவ்வுடன்படிக்கை கேட்கவில்லை, அது தனியே பேசவேண்டிய விஷயம்.)

1874-இல் கஸ்டர் என்னும் படைத்தலைவர் அங்கே சென்றபோது பொன் இருப்பது வெளிப்பட்டது. பொன்னாசைக்கு முன் உடன்படிக்கை எம்மட்டு? சுரங்கக்காரர் திரள் திரளாகப் புகுந்தனர். 1876 ஜூன் மாதம் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றருகே பழங்குடியினருடன் நடந்த போரில் கஸ்டரும் அவருடன் நின்றோரும் மாண்டனர். புத்தகங்களும் சினிமாப் படங்களும் அப்போரைப் பற்றியே ஓயாது பேசுகின்றன. நாமோ அதனினும் பெரிய சம்பவம் பின்னர் ஓசையின்றி நடந்தது என்போம். குன்றுகளை விட்டுக்கொடுத்தாலன்றி உணவுப் படி இல்லை என்று அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை விதித்தது. காட்டெருமைகள் அருகிவந்த காலம் அது. படியை நம்பியே குடும்பங்கள் பிழைத்தன. அப்படியிருந்தும் கையொப்பமிட்டவர் பத்தில் ஒரு பங்கினரே! 1877-இல் ஒரு சட்டத்தாலேயே நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

நூறாண்டு கடந்து, 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிலத்தின் அந்நாளைய மதிப்பும் வட்டியுமாகப் 10 கோடி டாலருக்கு மேல் சூ மக்களுக்குச் சேரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் வாங்க மறுத்தனர். தொகை வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டியும் கஜானாவிலேயே கிடக்கிறது. மறுத்தவர்கள் செல்வரும் அல்லர். அவர்கள் வாழும் பைன் ரிட்ஜ் அந்நாட்டின் மிக வறிய வட்டாரங்களுள் ஒன்று.

பிள்ளைகளின் பசியை நினைத்தால் இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். வாங்கலாம் என்போர் அம்மக்களுக்குள்ளும் உளர். அவர்களை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும் நஷ்டஈடு வேறு, கிரயம் வேறு. பணம் கையேறிய அக்கணமே, பறித்தது விற்றதாகிவிடும். பட்டினி போட்டும் கிட்டாத சம்மதம் ஒரு ரசீதினால் கிட்டிவிடும். அதை அறிந்தே அவர்கள் மறுக்கின்றனர் என நாம் கருதுகிறோம்.

நிலத்தைத் திருப்பித் தர வழியே இல்லையா என்றால், அக்குன்றுகளின் பெரும்பகுதி இன்றும் சர்க்கார் காடாகவே இருக்கிறது. 1985-இல் பிராட்லி என்னும் செனட் சபை உறுப்பினர் சர்க்கார் வசமுள்ள அந்நிலத்தை அவர்களிடமே ஒப்படைக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.