கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

'தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்' என்று சிலரைச் சொல்வார்கள். என்னைப் பற்றியும் ஆபீஸில் அப்படித்தான் பேச்சு. எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். இது நிஜமாகவே பாராட்டுதானா என்ற சந்தேகம் வந்தது, கிண்டியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில்.

நண்பர் ஒருவர் பழைய வேன் வாங்கினார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடாகவே மாற்றிவிட்டார். லாட்ஜ் செலவில்லாமல் ஊர் சுற்றத் திட்டம். ஜனவரியில் ஊட்டி போனோம். 2,200 மீட்டருக்கு மேல் உயரம், ராத்திரி நேரம். ஓடுகிற வண்டியில் ஹீட்டரைப் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறது! குழந்தைகள் வெடவெடத்துப் போனார்கள். அதே வேன், மே மாதம் கத்திப்பாரா நெரிசலில் அரைமணி நேரம் நின்றதும் முள் சிவப்பைத் தொட்டு, புஸ்ஸென்று ஆவி கக்கியது.

குளிரில் சூடாக மாட்டேன் என்கிறது, வெயிலில் கொதிக்கிறது. ஒரே வண்டிக்கு எப்படி சார் இரண்டு வியாதியும் வரும்?

கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. அதை ஒட்டிய சந்து ஒன்றில் ஷெட் வைத்திருந்த பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். திறந்து பார்த்தவர் சிரித்தார்.

"தெர்மோஸ்டாட்டையே காணோமே சார். முன்னாடி யாரோ கழட்டிப் போட்டுட்டான்."

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு. உள்ளே கொஞ்சம் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும். தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறந்துவிடும். அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிரில் எஞ்சினுக்குச் சூடே ஏறாது. ஹீட்டருக்குத் தனியாக நெருப்பா இருக்கிறது? எஞ்சினின் சூட்டைத்தானே அது உள்ளே அனுப்புகிறது! சரக்கு இல்லாத கடையில் என்ன வாங்குவது?

சரி, பின்னே ஏன் கொதித்தது? ரேடியேட்டர் குழாய்களில் போர் தண்ணீரின் உப்பு அடைத்துக்கொண்டிருந்தது. நிஜ வியாதி அதுதான். அதைப் பார்க்காமல், 'சூடாகிறதா? கழற்று தெர்மோஸ்டாட்டை' என்று முடித்திருக்கிறார்கள்.

"எஞ்சினுக்கு சூடு கெட்டது இல்ல சார். ரொம்ப ஜில்லுனு ஓடினாலும் தேஞ்சுதான் போகும். எப்போ, எவ்ளோங்கறதுதான் கணக்கு" என்றார் பெரியவர்.

அப்போதுதான் அது நடந்தது. பக்கத்தில் நின்ற காரின் கதவில் உதவியாளன் கை கிரீஸ் பட்டுவிட்டது. இருபது வயசு கூட இருக்காது அவனுக்கு. கார்க்காரர் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து கையை ஓங்கினார். நான் நாலடி தள்ளி நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு?

பெரியவர் நிமிர்ந்தார். "கைய எடுங்க சார்! தப்புன்னா என்னைக் கேளுங்க. பையனைத் தொடாதீங்க." ஷெட்டே அதிர்ந்தது. கார்க்காரர் கையை எடுத்தார். இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று முணுமுணுத்தபடி கிளம்பிப் போனார். அடுத்த நிமிடம் பெரியவர் பழைய குரலில், "தம்பி, அந்த ஸ்பேனரைக் குடு" என்றார்.

அன்று ராத்திரி என் மகள் ஒரே கணக்கை மூன்றாவது தடவை கேட்டாள். எரிந்து விழுந்தேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பகலில் வர வேண்டிய இடத்தில் வராத சூடு, ராத்திரி வரக்கூடாத இடத்தில் கொதித்துவிட்டது.

திருக்குறளில் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நம் கோபம் பலிக்காத இடத்தில் காட்டினால் தீமை, பலிக்கிற எளியவரிடம் காட்டினால் அதைவிடத் தீமை என்கிறார் வள்ளுவர். அப்படியானால் பெரியவர் செய்ததும் தப்பா? கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் வேறு மாதிரி யோசித்தார். சரியான ஆளிடம், சரியான காரணத்துக்கு, சரியான அளவில் கோபப்படுவதுதான் கஷ்டம். கோபம் வர வேண்டிய இடத்தில் வராததும் குறையே என்பது அவர் கட்சி.

எனக்கென்னவோ இரண்டு பேருக்கும் சண்டை இருப்பதாகத் தெரியவில்லை. வள்ளுவர் சொன்ன கோபம் என் மகள் மேல் நான் காட்டியது. பெரியவர் தனக்காகச் சூடாகவில்லை. ஓங்கிய கை இறங்கியதும் அவர் சூடும் இறங்கிவிட்டது. அவரிடம் தெர்மோஸ்டாட் இருந்தது. நான் என்னுடையதை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டு, அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்திருந்தேன்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது தெர்மோஸ்டாட் மாட்டினார்கள். வேன் இப்போது சரியாக ஓடுகிறது. நான் மறுநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமான ரிப்பேர். அந்தப் பையனுக்காக வாய் திறந்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை எந்த ஷெட்டில் போய் சரி செய்வது?

நீங்கள் கடைசியாகக் கோபப்பட்டது யாரிடம்? திருப்பி அடிக்க முடியாதவரிடமா, அல்லது திருப்பி அடிக்க முடியாதவருக்காகவா?