தாமாரிடம் சொன்ன வார்த்தை



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தை நாம் கோவிலில் அதிகம் வாசிப்பதில்லை. தாவீதின் மகள் தாமாரை, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் கெடுக்கிறான். கூடப்பிறந்த அப்சலோமோ, அவன் உன் சகோதரன், பேசாதே, மனதில் வைக்காதே என்கிறான். தகப்பனுக்குக் கோபம் வருகிறது, அவ்வளவுதான். தாமார் அப்சலோம் வீட்டில் பாழாகிக் கிடக்கிறாள். அதன்பின் அவள் குரல் நமக்குக் கேட்பதே இல்லை.

தலைமன்னாரிலிருந்து வங்காலை வரை எத்தனை வீடுகளில் இந்தப் "பேசாதே"! பிள்ளைகளை நினை, மானம் போகும், பொறுத்துப் போ பிள்ளை. ஒருமுறை நானும் ஒரு தங்கச்சியிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்லி, ஜெபமாலையைக் கொடுத்து அனுப்பினேன். அவள் திரும்பிப் போனது அடிக்கிற கையிடம். இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அதனால்தான் இன்று மாலை பெண்களுக்காக வைக்கிற தியானத்தைப் பற்றிப் பயந்து பயந்து பேசுகிறேன். வாயை அடைக்கிற அமைதி வேறு, மூச்சு விடக் கிடைக்கிற அமைதி வேறு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் மனம் வடுப்பட்டவர்களுக்கு அவரவர் சமயத்திலிருந்தே சொல்லெடுத்துக் கொடுத்தார்: சைவர்களுக்கு ஓம், முஸ்லிம்களுக்கு திக்ர், நமக்கு இயேசுவின் பெயர், ஜெபமாலை. பயந்த உடம்பு மூச்சை நெஞ்சுக்கு மேலேயே பிடித்து வைத்திருக்கும். அந்தச் சொல்லோடு மூச்சை மெல்ல நீட்டி விடும்போது படபடப்பு இறங்கும்.

சில அக்காமாருக்குக் கண்ணை மூடினால் கொடுமை நடந்த இரவே வந்து நிற்கும். அவர்கள் மூடவேண்டாம். காலைத் தரையில் ஊன்றி, பனையோலையில் கச்சான் காற்று உரசுவதைக் கேட்டு, ஜெபமாலை மணியை விரலால் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். போதும் என்றால் நிறுத்தட்டும். வேண்டாம் என்று தாமார் சொன்னபோது அம்னோன் கேட்கவில்லையே, நாங்கள் கேட்போம்.

அடி ஓயாத வீட்டில் தியானம் மருந்தல்ல. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அந்தத் தங்கச்சிக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நற்செய்தியில் பன்னிரண்டு வருடம் இரத்தம் வடிந்த பெண் ஆண்டவருடைய உடையைத் தொட்டாள். அவர் போய்க்கொண்டிருந்த வீட்டில் யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், கூட்டம் நெருக்குகிறது. ஆனாலும் அவள் உண்மை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றார்.

இன்று மாலை ஐந்து மணிக்குப் பங்கு மண்டபத்தில் பெண்களுக்காகப் பாய் விரித்திருக்கும். ஆண்களே, அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறவளிடம், அங்கே என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள்.