தீட்டு எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் பாகூர் ஏரிக்கரைக் கிராமமானாலும் சரி, வில்லியனூர்த் தெருவானாலும் சரி, பிள்ளை பெற்ற வீட்டில் இன்னும் காதில் விழும் சொல் 'தீட்டு'. தாய்க்குப் பின்கட்டில் ஒரு மூலை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். கட்டிக்கொள்ளப் பழைய புடவைக் கிழிசல். நல்ல துணி கொடுத்தால் வீணாகிவிடுமாம்.

அவளிடமிருந்து நம்மைக் காக்க இத்தனை ஏற்பாடு. நம்மிடமிருந்து அவளைக் காக்க?

நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில், கருப்பைக்குள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் புண் இருக்கிறது. கருப்பை வாய் இன்னும் மூடவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை, காற்றில்லாமலே வாழும் கிருமிகள் எல்லாவற்றுக்கும் அது திறந்த கதவு. சில அவள் உடம்பிலேயே இருப்பவை; சில பிறர் கையிலும் துணியிலும் ஏறி வருபவை. இப்படிக் கிருமி புகுந்து வரும் காய்ச்சலுக்கு நம் ஊர் வைத்த பெயர் ஜன்னி. பச்சைத் தண்ணீர் பட்டுவிட்டது, பத்தியம் தவறிவிட்டது என்று பழியை அவள் தலையிலேயே கட்டினோம். தொட்ட கையை யாரும் விசாரிக்கவில்லை.

படித்த ஐரோப்பாவும் இதே லட்சணம்தான். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட அவர்கள் வார்டில்தான் சாவு அதிகம். குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார் அங்கிருந்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, கோடை முடிவதற்குள் 2க்கு வந்தது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலருக்கு அது ரோஷமாகிவிட்டது. டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்று அமெரிக்காவில் சார்லஸ் மெய்க்ஸ் என்ற பேராசிரியர் வாதாடினார். கேட்ட குரலாக இல்லை? ஆளைப் பார்த்துச் சுத்தம் அளக்கும் வியாதி நமக்கு மட்டும் வாய்த்ததல்ல போலும்.

1879இல் பாரிஸில் விஞ்ஞானி பாஸ்டர் கரும்பலகையில் மணிச்சரம் போல் இந்தக் காய்ச்சலின் கிருமியை வரைந்து காட்டினார். மறு ஆண்டே, அன்று நம்மை ஆண்ட பிரெஞ்சு அரசு வில்லியனூரையும் பாகூரையும் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிகளாக்கியது. கொம்யூன் கப்பலேறி வந்துவிட்டது. மணிச்சரம் பின்கட்டு வரை இன்னும் வந்துசேரவில்லை.

மருந்துக்குப் பஞ்சமில்லை. 1930களிலேயே லண்டனில் டாக்டர் லெனார்ட் கோல்புரூக் இந்தக் காய்ச்சலுக்குச் சல்ஃபா மருந்து கொடுத்துச் சாவைக் குறைத்துக் காட்டினார். இன்று நம் பக்கத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். சிசேரியன் என்றால் கத்தி வைக்கும் முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும் என்பது விதி. அதையும் மீறிக் கருப்பையில் கிருமி பிடித்தால், கிளிண்டாமைசினும் ஜென்டாமைசினும் நரம்பில் ஏற்றினால் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவார்கள். நேரத்தோடு வந்தால்.

நேரம் எங்கே போகிறது? வீடு திரும்பிய நாலாம் நாள் 101 டிகிரி அடிக்கும். 'பால் கட்டின காய்ச்சல்' என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் நாலு மாத்திரை. அரைகுறையாய் விழுங்கிய அந்த நாலு மாத்திரையில் சாகாமல் தப்பும் கிருமி, மருந்துக்கு மசியாத கிருமி.

இந்த நோய் வாடையாகத்தான் பல சமயம் தன்னைக் காட்டிக்கொள்ளும். கழியும் உதிரத்தில் கெட்ட நாற்றம், அடிவயிற்றில் வலி, குளிர். ஏற்கெனவே தீட்டென்று ஒதுக்கி வைத்தவளிடம் போய் நாற்றத்தைச் சொல் என்றால் சொல்வாளா?

நர்ஸம்மா வருகிறார். "வாடை ஏதாச்சும் வருதாம்மா?" என்று கேட்கிறார். கூடத்தில் அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

நர்ஸம்மா போனதும், கொட்டகையில் சாணி அள்ளிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெரியம்மா பின்கட்டுக்குள் போகிறார், தையல் போட்ட இடத்தைத் துடைத்துவிட. கால் மணி நேரத்தில் வெளியே வருகிறார். கிணற்றடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். தீட்டுப் பட்டுவிட்டதாம்.