விளையாட்டு மைதானத்தில் மது விற்கலாமா?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி நோன்புப் பெருநாள். அது கழிந்த மூன்றாம் நாள், தண்டையார்பேட்டையில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்ததும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் இமாம் ஹஜ்ரத்தின் அருகில் வந்து அமர்ந்தான். பெரிய விழாக்களுக்கும் பந்தயங்களுக்கும் ஆள் வைத்து உணவு பரிமாறும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாள் கூலிக்குப் போகிறவன் அவன். தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பான், பிரியாணிப் பொட்டலம் கொடுப்பான், கடைசியில் குப்பையும் அள்ளுவான்.

"ஹஜ்ரத், இனிமே ஸ்டேடியத்துல சரக்கு பரிமாற லைசென்ஸ் வரப்போகுதாம். யார் யாருக்குச் சம்மதமோ பேர் குடுக்கச் சொல்றாங்க. கூலி கூடக் கிடைக்கும். நான் குடிக்கப் போறதில்ல. ட்ரேயில வச்சு எடுத்துட்டுப் போய்க் குடுக்கறதுதான். அந்தக் காசு ஹலாலா?"

ஹஜ்ரத் உடனே பதில் சொல்லவில்லை. "வீட்டுல எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டார். நான் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையின் கேள்வி அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவன் சொன்னது வெறும் வதந்தியன்று. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிம விதிகளில் அரசு ஒரு திருத்தம் செய்திருந்தது. திருமண மண்டபங்கள், மாநாட்டு அரங்குகள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்பது அதன் சாரம். செய்தி வெளியான ஏப்ரல் 24ஆம் தேதியே பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. கல்யாண மண்டபங்களுக்கு அனுமதி கிடையாது, சர்வதேசப் பந்தயங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே, பிற மாநிலங்களில் உள்ளதைப் போலத்தான் என்று துறை அமைச்சர் விளக்கமளித்தார். ஆணையும் திருத்தப்பட்டது. சில நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இதில் நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. கல்யாண மண்டபம் என்றதும் ஊரே கொதித்தது. மைதானம் என்று சுருக்கியதும் கொதிப்பில் பாதி அடங்கிவிட்டது. கல்யாணம் நம் வீட்டுக் காரியம், மைதானம் யாரோ பணக்காரர்களின் இடம் என்ற எண்ணம் போலும்! வடசென்னைக்காரன் அப்படி எண்ண இயலாது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தின் காரணமாக அந்தப் பகுதியைக் குட்டிப் பிரேசில் என்றே அழைக்கிறார்கள். பந்தும் கேரம் பலகையும் குத்துச்சண்டைக் கையுறையுமே நம் பிள்ளைகளுக்கு வெளியுலகம் செல்லும் வழி. 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். நம் பக்கத்துத் திறந்தவெளிகளில் அதிகாலையில் பந்தாட வரும் சிறுவர்கள் முதலில் செய்யும் வேலை என்ன தெரியுமா? இரவு யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டுகளைப் பொறுக்குவதுதான். பாதிப் பேருக்குக் காலில் செருப்பும் இராது. மைதானத்தில் மது என்பது நமக்குப் புதிய விஷயமன்று. உரிமத்தோடு வருவதுதான் புதிது.

விற்கலாம் என்போரின் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவற்றுள் வலுவானது இது: "எப்படியும் குடிக்கத்தான் போகிறார்கள். வாசலிலே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவதைவிட, உள்ளே அளவோடு, கண்காணிப்போடு விற்பது நல்லதல்லவா?" அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அரங்குகளில் இந்த வாதமே வென்றது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011இல் தன் அரங்கில் பீர் விற்கத் தொடங்கிற்று. அதன் பிறகு கைதுகள் குறைந்தன என்று அறிவித்தார்கள். 2019இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் பெரிய கூட்டமைப்பொன்றும் தன் பழைய தடையை நீக்கியது.

இந்தச் சான்றைச் சற்றே உற்று நோக்குங்கள். அதுவரை அந்தப் பல்கலைக்கழக அரங்கில் இடைவேளையில் ரசிகர்கள் வெளியே போய், தங்கள் வண்டிகளிலிருந்த மதுவைக் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். பீர் விற்பனை தொடங்கிய அதே சமயத்தில் இவ்வாறு போய்த் திரும்பும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் கைதுகள் குறைந்தது பீர் விற்றதாலா, கதவை அடைத்ததாலா? கதவை அடைக்கப் பீர் எதற்கு?

ஸ்காட்லாந்தில் 1980 மே மாதம் கிளாஸ்கோ நகர ஹாம்ப்டன் பூங்காவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளின் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் களத்தில் இறங்கி மோதிக்கொண்டார்கள். குதிரைப்படைக் காவலர் வந்துதான் பிரிக்க முடிந்தது. அந்த ஆண்டே சட்டம் இயற்றிக் கால்பந்து அரங்குகளில் மதுவைத் தடுத்தார்கள். அவர்கள் மதுவை ஹராம் என்று நம்புகிறவர்கள் அல்லர். விஸ்கிக்குத் தங்கள் நாட்டின் பெயரையே கொடுத்தவர்கள்.

சர்வதேசப் பந்தயம் என்றால் மது இன்றியமையாதது என்ற அடுத்த வாதத்துக்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. உலகிலேயே பெரிய கிரிக்கெட் அரங்கம் அகமதாபாத்தில் உள்ளது. அந்தக் குஜராத் மாநிலம் 1960இல் உருவான நாள் முதல் மதுவிலக்கு மாநிலம். 2022 ஐ.பி.எல். இறுதியாட்டத்தை லட்சம் பேருக்கு மேல் அங்கே அமர்ந்து பார்த்தார்கள். 2023 நவம்பர் 19இல் உலகக் கோப்பை இறுதியாட்டமும் அங்கேயே நடந்தது. கோப்பை கைவிட்டுப் போனதற்குப் பலரும் பல காரணம் சொன்னார்கள். அரங்கில் மது இல்லாததால் தோற்றோம் என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கத்தார் நாட்டையும் நம்மவர் பெருமையோடு எடுத்துக் காட்டுவதுண்டு. 2022 உலகக் கால்பந்துப் போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கையில் அரங்குகளைச் சுற்றிப் பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். அந்தப் போட்டியில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டிஷ் காவல்துறை தெரிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதிக விலை கொடுத்து உயர்தர இருக்கைகளில் அமர்ந்தவர்களுக்கு அதே அரங்குகளுக்குள் மது கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஏழைக்கு ஹராம், செல்வந்தனுக்கு விதிவிலக்கு என்பது மார்க்கத்தில் எங்கே இருக்கிறது?

நிற்க. மார்க்கம் இவ்விஷயத்தை எவ்வாறு அணுகிற்று என்று பார்ப்போம். மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. அதில் சில பயன்கள் இருப்பினும் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தில் (2:219) முதலில் உணர்த்தப்பட்டது. பின்னர் அந்நிஸா அத்தியாயத்தில் (4:43) போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை வந்தது. அதற்கும் பின்னரே அல்மாயிதா அத்தியாயத்தில் (5:90, 91) முற்றாக விலக்கப்பட்டது.

இரண்டாம் படியைக் கவனியுங்கள். மது முழுவதுமாக விலக்கப்படாத அக்காலத்தில், ஒரு காரியத்தையும் அதன் நேரத்தையும் மட்டும் போதையிலிருந்து காத்தது அந்தக் கட்டளை. "மாநிலம் முழுவதும் கடை திறந்திருக்கையில் மைதானத்தில் மட்டும் வேண்டாம் என்பது வேடிக்கையல்லவா?" என்று கேட்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். மைதானம் தொழுமிடத்துக்கு நிகராகாது. நான் ஒப்பிட வருவது இடங்களையன்று, முறையை. முழுவதையும் பெற முடியாத காலத்தில் ஒரு பகுதியையேனும் காப்பது அர்த்தமற்ற செயலாகாது. இம்மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். மைதானத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்குக் கீழ்ப்பட்ட வயதினர்! தகப்பனார் தோளில் அமர்ந்து வரும் குழந்தையும் அவர்களில் அடக்கம்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. நம் மார்க்கம் விலக்கியதைப் பிற சமயத்தவருக்கு விற்கக் கூடாது என்று அரசிடம் கேட்க நமக்கு உரிமை உண்டா? மார்க்கக் கட்டளை என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கேட்பதானால், பன்மத நாட்டில் அந்த வாதம் நிற்காது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இக்கோரிக்கை நம்முடையது மட்டுமன்று. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாகக் கூறுகிறது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தவர் ராஜாஜி. மேலும், குடிப்பவரைச் சிறையில் போடுங்கள் என்று நாம் இங்கே கேட்கவில்லை. எல்லாரும் குடும்பத்தோடு வரும் பொது இடத்தில் அரசு உரிமம் கொடுத்து விற்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம். முழு மதுவிலக்கு என்றால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பார்? ஆனால் மூன்று நான்கு மணி நேரம் மைதானத்தில் பீர் கிடைக்காததால் எவரும் கள்ளச்சாராயம் தேடி ஓட மாட்டார்.

வருமானம் என்ற வாதத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2022-23இல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்தது 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மைதான உரிமக் கட்டணம் அதில் எந்த மூலைக்கு?

நம் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அல்மாயிதா வசனம் மதுவோடு சூதாட்டத்தையும் சேர்த்தே விலக்குகிறது. இரண்டாலும் மனிதரிடையே பகை விளையும், இறை தியானமும் தொழுகையும் தடைபடும் என்று காரணமும் கூறுகிறது. மைதானத்தில் பீர் கூடாது என்று முழங்கும் நம் இளைஞர்கள், கைப்பேசியில் பணம் கட்டி அணி சேர்த்து ஆடியபோது நாம் வாய் திறந்தோமா? 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்து பணம் கட்டும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தபோதுதான் எத்தனை வீடுகளில் எவ்வளவு போயிருந்தது என்று வெளியே வந்தது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் மஃரிபுக்கு பாங்கு ஒலித்தால் எத்தனை பேர் எழுந்து போகிறோம்? ஒரு சொட்டு மது இல்லாமலே தொழுகை தவறுகிறது.

விளையாட்டு வீரர்களில் சிலர் நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா, அணிக்குப் பணம் கொடுத்த பீர் நிறுவனத்தின் முத்திரையைத் தம் சட்டையில் அணிய மறுத்தார். அணி அதை ஏற்றது. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அணி ஆஷஸ் தொடரை வென்று மேடையில் மதுவைப் பீய்ச்சிக் கொண்டாடியபோது உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்றார். அதைக் கண்ட அணித்தலைவர் பாட் கம்மின்ஸ், மதுவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரை மேடைக்கு அழைத்தார். பிற மதத்தவர் எனினும் தம் தோழரின் மனத்தை மதித்தார். இது போற்றத்தக்கது.

ஆனால் ஆம்லாவுக்கும் கவாஜாவுக்கும் பேரும் புகழும் இருந்தன. எங்கள் தெருப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

மதுவின் தொடர்பில் பத்துப் பேர் சாபத்துக்குரியவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாகத் திர்மிதி, இப்னு மாஜா முதலிய நூல்களில் ஹதீஸ் வருகிறது. பிழிபவர், விற்பவர், வாங்குபவர், சுமப்பவர், பரிமாறுபவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. ஹஜ்ரத் இதைத்தான் அன்று அவனிடம் மென்மையாக எடுத்துச் சொன்னார். ட்ரே தூக்குவதும் சுமப்பதுதான், பரிமாறுவதும்தான். வேறு விளக்கத்துக்கு இடமில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு இன்னொரு எண்ணமும் தோன்றுகிறது. அதில் சுமப்பவர் இருக்கிறார், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரும் இருக்கிறார். நாமோ ட்ரே தூக்குகிறவனிடம் மட்டுமே ஹதீஸைச் சொல்கிறோம். மது விலக்கப்பட்ட செய்தி மதீனாவில் அறிவிக்கப்பட்ட நாளில், அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் விருந்தினர்க்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். இளம் வயதினர். வீதியில் அறிவிப்பைக் கேட்டதும், போய் அதைக் கொட்டிவிடு என்று வீட்டுக்குரியவரே சொன்னார். மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று என்று புகாரியில் காண்கிறோம். கிண்ணம் ஏந்திய இளைஞர் தம் எஜமானரை எதிர்த்துத் தனியாக முடிவெடுக்க வேண்டிய நிலை அங்கே வரவில்லை. வீட்டுக்காரர் நிறுத்தினார், பரிமாறுகிறவர் தப்பினார்.

இங்கே உரிமம் கொடுப்பவர் அரசு, வாங்குபவர் பெருமுதலாளி, குடிப்பவர் டிக்கெட் எடுத்தவர். மறுமைக்குப் பயந்து கூலியை இழக்க வேண்டியவன் மட்டும் தண்டையார்பேட்டைத் தையற்காரியின் மகன்!

நீதிமன்றத் தடை வந்ததும் அவன் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். அப்படி ஆகவில்லை. சம்மதப் பட்டியலில் பெயர் கொடுக்காதவர்களை ஒப்பந்தக்காரர் தண்ணீர் பாட்டில் வேலைக்கும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் வீட்டிலிருந்தான். அவன் தாயார் தைத்த ரவிக்கைக் கூலியில் அடுப்பு எரிந்தது. ஜமாஅத் கூட்டத்தில் ஹஜ்ரத் இதை எழுப்பினார். மைதான மதுவைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இப்பிள்ளைக்கு யார் வேலை கொடுப்பது என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் சற்று நேரம் மௌனம். கடைசியில் கொருக்குப்பேட்டையில் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், "நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க ஹஜ்ரத், மூட்டைக் கணக்கு எழுதட்டும்" என்றார். முன்பு வாங்கியதைவிடக் கூலி சற்றுக் குறைவுதான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.