இன்னொரு மணி

செக் நாட்டின் பிராக் நகரில், 1410ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வானியல் கடிகாரத்தின் முன் குழந்தைகளோடு நின்றோம். மணி நிறைந்ததும், எலும்புக்கூட்டு உருவிலுள்ள மரணம் கயிற்றை இழுத்து மணியடிக்கின்றது. கருமி முதலிய உருவங்கள் வரமாட்டோமெனத் தலையசைக்கின்றன.

“அப்பா, இன்னொரு தடவை!” என்றாள் எங்கள் இளையவள். அடுத்த மணிவரை காத்திருந்தால், ஆற்றுக்கு அப்பாலுள்ள கோட்டையைக் காண இயலாது. வாவென்று அழைத்தோம், அவளும் தலையசைத்தாள்.

கண்ட இடங்களின் எண்ணிக்கையா, உடனிருந்தோரின் மகிழ்ச்சியா, எது பயணத்தின் பயன்? அலுவலகக் கோப்புகளைத் தீர்ப்பதுபோல் ஊர்களைத் தீர்ப்பது காண்பதாகுமா? அம்மணியோசை அவளுக்கு வேடிக்கை. பெற்றோராகிய நமக்கோ எச்சரிக்கை. கோட்டை நாளையும் நிற்கும். குழந்தையின் ஐந்து வயது நில்லாது.

சதுக்கத்திலேயே அமர்ந்தோம். கோட்டையைக் காணாமலே ஊர் திரும்பினோம். அதனை இழப்பென்று கணக்கில் எழுத இன்றுவரை மனம் வரவில்லை.